தேரிச் சாலையில் ஒரு முதுகு

செங்கணாபுரத்தில் ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால் பாக்கெட் வந்து இறங்கிய நேரத்துக்கும் முதல் டவுன் பஸ் கிளம்பிய நேரத்துக்கும் நடுவில், புகைப்படங்களில் இருந்த மனிதர்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள். சுவரில் மாலை போட்டுத் தொங்கியவர்கள், ஆல்பத்துக்குள் அடைந்து கிடந்தவர்கள், செல்போனுக்குள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள், பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸில் கைகூப்பி நின்றவர்கள், அடையாள அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒடுங்கியிருந்தவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. மரங்கள் திரும்பவில்லை, மாடுகள் திரும்பவில்லை, கோயில் கோபுரம் இருந்தபடியே இருந்தது. மனிதர்கள் மட்டும்தான், பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி திரும்பி நின்றார்கள்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் தத்தம் போனில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். ஆஃப் செய்து ஆன் செய்தார்கள், வேட்டி நுனியால் துடைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் போனை இரவல் வாங்கிப் பார்த்து, அதிலும் பக்கத்து வீட்டுக் குடும்பமே முதுகைக் காட்டி நிற்பதைக் கண்டு கொஞ்சம் ஆறுதல் அடைந்தார்கள். புதிதாக எடுத்துப் பார்த்தால், பல்லைக் காட்டி எடுத்தாலும் உதட்டைக் குவித்து எடுத்தாலும், நீட்டிய கைக்கு அந்தப் பக்கம் சொந்தப் பிடரிதான் தெரிந்தது. உச்சந்தலையில் சொட்டை விழுந்திருக்கும் விஷயம் ஊரில் பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. படத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தவர்களுக்கும் முதுகுதான் கிடைத்தது, அடுத்த ஊர்க்காரர்கள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

படம் எடுப்பதில் செங்கணாபுரம் எந்த ஊருக்கும் சளைத்ததில்லை. இலையில் சோறு விழுந்தால் படம், கிணற்றில் புது மோட்டார் இறங்கினால் படம், சப்பரம் புறப்பட்டால் அம்மனைப் பார்க்கிறவர் பத்துப் பேர், அம்மனுக்கு முன்னால் கையைத் தூக்கிப் படம் எடுக்கிறவர் ஐந்நூறு பேர். எடுத்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் வராது. அதுதான் காரணமோ என்று ஊரில் ஒரு நாள் பேச்சு வந்தது, மறுநாள் அந்தப் பேச்சு போய்விட்டது, அதற்கு மேல் காரணத்தைப் பற்றி யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை.

அந்த ஊரில் படம் எடுப்பதை உயிராக நேசித்தவள் ஒருத்தி இருந்தாள், நேசித்ததாலேயே அவள் மிகக் குறைவாக எடுத்தாள். பிரம்மசக்தி என்று பெயர், முப்பத்தாறு வயது, அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. பழைய கேமரா ஒன்று வைத்திருந்தாள், கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்குவாள். ஒரு படத்துக்காக ஒரே பனைமரத்தடிக்கு மூன்று நாள் சாயங்காலம் போய் நின்று, வெயில் சரியாக விழவில்லை என்று மூன்று நாளும் எடுக்காமல் திரும்பி வருவாள். போனில் ஒரு தட்டுத் தட்டினால் முடிகிற வேலைக்கு இவள் எதற்குச் சட்டி மாதிரி ஒரு கேமராவைச் சுமந்துகொண்டு அலைகிறாள் என்று தெருவில் கேட்காத ஆளில்லை. அவள் சிரித்துக்கொள்வாள்.

அவளிடம் ஒரு வீம்பு உண்டு. யாரையும் சுவரை ஒட்டி நிறுத்திப் படம் எடுக்க மாட்டாள். சுவரோரம் நிறுத்தினால் ஆள் மாட்டிக்கொண்டு முழிக்கிற மாதிரி இருக்கும் என்பாள். ஆளுக்குப் பின்னால் தூரம் வேண்டும், வெட்டவெளி வேண்டும், பார்க்கிற கண் போய்க்கொண்டே இருக்க வழி வேண்டும் என்பாள். மற்றவர்கள் நீலத்துணியையும் வீட்டுச் சுவரையும் வைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் ஆளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே தேரிக்காட்டுக்குப் போவாள். செம்மண் மேட்டுக்கு நடுவே ரெண்டு மைல் நீளத்துக்கு ஒரு சாலை நேராக ஓடி, தூரத்தில் முள் அடர்ந்த ஒற்றை உடைமரத்தடியில் வளைந்து மறையும். அந்தச் சாலைக்கு இணையாக ஒரு பின்னணி உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி.

அவள் புருஷன் ஆறுமுகநயினாரை அந்தச் சாலையில் நிறுத்தித்தான் எடுத்தாள். நயினார் வடநாட்டுக்கு ஓடும் லாரியில் டிரைவர், விடுதியில் வளர்ந்தவன், அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது, மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மும்பையில் பழைய சாமான் விற்கிற தெருவில் அந்தக் கேமராவை வாங்கி, சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த ஐந்து வருஷத்தில் அவனை அவள் பதினொரு படம் எடுத்தாள். ஒன்றில் நிழல் கண்ணில் விழுந்துவிட்டது, ஒன்றில் மேகம் கெடுத்துவிட்டது, ஒன்றில் அவன் கொட்டாவி விட்டுவிட்டான். இப்படிப் பத்துப் படத்தை அழித்துவிட்டாள், பதினொன்றாவதுதான் அவளுக்குத் திருப்தியாக வந்தது. அவர்கள் மகள் தாமிராவுக்கு எட்டு மாதம் நடக்கும்போது நாக்பூரைத் தாண்டி ஒரு விபத்தில் அவன் போய்ச் சேர்ந்தான், பெட்டியை ஆணி அடித்து அனுப்பியிருந்தார்கள், திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியூர்க் கோயிலில் ரெண்டு பேராகப் போய் முடித்த கல்யாணம், ஆல்பம் கிடையாது, லைசென்ஸும் விபத்தில் போயிற்று. ஆக, அந்தப் பதினொன்றாவது படம்தான் மிச்சம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை யூனிபார்ம் மாட்டிய தாமிரா வழக்கம்போல ஸ்டூலில் ஏறினாள். ஐந்து வயது முடிந்திருந்தது, அப்பா படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூட வேனில் ஏறுவாள், அது அவளாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. நெற்றி இருந்த இடத்தில் தலைமுடி இருந்தது. விரலில் குங்குமத்தோடு அப்படியே நின்றாள்.

"எம்மா, அப்பா அங்கிட்டுப் பாத்து நிக்காவ. பொட்டு எங்கன வைக்க?"

பிரம்மசக்தி கையில் இருந்த சோற்றுப் பாத்திரத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை, இடது தோளில் துண்டு, ரெண்டு பக்கமும் விரிந்து நிற்கும் காது, எல்லாம் அவனுடையதுதான். முகம்தான் இல்லை. பிள்ளைக்கு முன்னால் பதற்றத்தைக் காட்டக் கூடாது என்று, இன்றைக்குப் பொட்டு வேண்டாம், அப்பா வண்டியைப் பாக்காவ என்று சொல்லி இறக்கிவிட்டாள். அதுதான் அவள் சொன்ன முதல் பொய், சின்னப் பொய்தான்.

பொட்டு எங்கே வைப்பது என்ற கேள்வி அந்த வீட்டில் மட்டும் எழவில்லை. செத்தவர் படம் இல்லாத வீடு ஊரில் ஏது? வெள்ளிக்கிழமைக்குள் அது பெரிய விவகாரமாகி, கோயில் வாசலில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். படத்தைத் திருப்பி மாட்டினால் முகம் பின்பக்கம் தெரியுமோ என்று சட்டத்தின் அட்டையைக் கழற்றிப் பார்த்தவர்கள் இருந்தார்கள், எதிரே கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை என்று அவர்களே எழுந்து சொன்னார்கள். கடைசியில், இருக்கிற இடத்தில் வைக்க வேண்டியதுதான், பிடரியில் வைக்கலாம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து செங்கணாபுரத்துச் செத்தவர்கள் எல்லாரும் பிடரியில் குங்குமத்தோடு நின்றார்கள், ஒரு மாதத்தில் அது பரம்பரை வழக்கம் மாதிரி ஆகிவிட்டது.

ஊர் எதையும் சீரணித்துவிடும், இதையும் சீரணித்தது. சலூன்காரர் முன்பக்கத்துக்குச் செலவழித்த நேரத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றினார். பெண் பார்க்க அனுப்புகிற படத்தில் பின்னலும் பூவும்தான் பேச்சு, ஜாக்கெட் முதுகில் ஏற்கெனவே மயிலும் மாங்காயும் தைத்துக்கொண்டிருந்த தையற்காரிக்கு மூச்சுவிட நேரமில்லை. முதுகைப் பார்த்து நிச்சயம் செய்த கல்யாணங்கள் மற்றக் கல்யாணங்களைவிட மோசமாகப் போகவில்லை. பிளெக்ஸில் நாற்பது பேர் வரிசையாக முதுகைக் காட்டி வாழ்த்துச் சொன்னார்கள், கழுத்து மடிப்பை வைத்து இன்னார் இன்னார் என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அடையாளம் சொன்னார்கள். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரிலும் முதுகு, காதுகுத்துப் போஸ்டரிலும் முதுகு. படம் எடுப்பதை மட்டும் ஒருவரும் நிறுத்தவில்லை, முன்னைவிடக் கூடவே எடுத்தார்கள்.

ஆனால் அதற்கடியில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது, அதை ஊர் வாய்விட்டுச் சொல்லக் கொஞ்ச நாள் ஆயிற்று. படத்தில் முகம் போனவுடன் மனத்திலும் முகம் போகத் தொடங்கியது. எதிரே நிற்கிறவர் முகம் எதிரே இருக்கிறது, அதில் சிக்கலில்லை. செத்தவர், துபாய்க்குப் போனவர், கட்டிக்கொடுத்து அனுப்பிய மகள் என்று எதிரே இல்லாதவர் முகமெல்லாம் ஓட்டைப் பானைத் தண்ணீர் மாதிரி சத்தமில்லாமல் வடிந்தது. முகத்தைக் காப்பாற்றி வைக்கிற வேலையை எல்லாரும் எப்போதோ படத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவியிருந்தார்கள். எங்கள் அம்மைக்கு மச்சம் வலது கன்னத்திலா இடது கன்னத்திலா என்று கேட்டு, கூடப்பிறந்த ரெண்டு பேர் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், பிரம்மசக்திதான் சீட்டு எழுதினாள். பெயரை ரெண்டு தடவை தப்பாக எழுதி அடித்தாள்.

ஏனென்றால் அவளுக்கும் போய்விட்டிருந்தது. கண்ணை மூடி நயினாரை நினைத்தால் அவன் மேல் விழுந்த வெயில் வந்தது, மூக்கின் இடப்பக்கம் விழுந்த நிழல் வந்தது, கன்னத்து எலும்பில் ஒளி சரிந்த விதம் வந்தது, கன்னம் வரவில்லை. அவனைப் பார்க்க வேண்டிய நேரத்திலெல்லாம் தான் வெயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தோம் என்று அவளுக்குத் தெரிந்தபோது, சீட்டு எழுதுகிற நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதாள். ஊரில் ஆயிரம் படம் எடுத்தவர்களுக்கு வந்த அதே கதிதான் பதினொரு படம் எடுத்தவளுக்கும் வந்திருந்தது, அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

தினமும் பொட்டு வைத்த முகம் தாமிராவுக்கும் வடிந்துவிட்டது, அவள் கேட்கத் தொடங்கினாள். அப்பா மூக்கு எப்படி இருக்கும் என்று ஒரு சாயங்காலம், மீசை இருக்குமா என்று ஒரு சாயங்காலம். மறந்துவிட்டேன் என்று சொல்லப் பிரம்மசக்திக்கு வாய் வரவில்லை. எந்தப் பெண்டாட்டி அப்படிச் சொல்வாள்? வட்ட முகம் என்றாள். அடர்த்தியான புருவம் என்றாள், அது அவள் தினமும் ஏறும் பஸ்ஸின் கண்டக்டர் புருவம். சிரித்தால் ரெண்டு கன்னத்திலும் குழி விழும் என்றாள், அது மருந்துக் கடைக்காரர் சிரிப்பு. பிள்ளை ஒவ்வொன்றையும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டது, நேற்றுச் சொன்னதை இன்றைக்கு மாற்றிச் சொன்னால் திருத்தியது. ஐப்பசி பிறப்பதற்குள் அந்த வீட்டில் ஒரு முழு அப்பா உருவாகிவிட்டான், வட்ட முகமும் குழி விழுந்த கன்னமுமாக, அவன் யாரென்று பிரம்மசக்திக்கே தெரியாது.

உண்மை முகத்தைக் கண்டுபிடித்துவிட்டால் சொன்னதை மெதுவாகத் திருத்திவிடலாம் என்று அவள் அலைந்தாள். நயினாரோடு ஓடிய கிளீனருக்குப் போன் போட்டாள், தங்கமான மனுசன்க்கா என்றான், முகத்தைக் கேட்டதும் அது மட்டும் நெனப்புல வரமாட்டேங்குது என்றான். ரேஷன் கடை தங்கப்பழத்திடம் போனாள். அவர் முப்பது வருஷமாக ஆள் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பெயர் கேட்டுத்தான் சீனி போடுகிறவர், போனே வைத்துக்கொள்ளாதவர், ஊரில் அவர் ஒருவருக்குத்தான் முகங்கள் வடியவில்லை. அவர் கடை முன்னால் அரிசிக்கு நின்ற கூட்டத்தைவிட முகத்துக்கு நின்ற கூட்டம் பெரிதாயிருந்தது. உன் தாயாருக்குக் கீழுதடு கொஞ்சம் தொங்கும், உன் அண்ணனுக்கு ஒரு கண் சிறுசு என்று எடை போட்டபடியே அவர் சொல்வார், கேட்டவர்கள் அந்த இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். பிரம்மசக்தி முறை வந்தபோது தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"தாயி, உம் மாப்பிள்ள ஒரு நாள்கூடக் கடைக்கு வந்ததில்லையே. நீதான வருவ. உம் மொகத்த வேணும்னா சொல்லுதேன்."

கார்த்திகையில்தான் அடுத்தது தொடங்கியது, அதை ஊரில் முதலில் கண்டவள் பிரம்மசக்தி. படத்தை உற்றுப் பார்க்கிற பழக்கம் அவளுக்குத்தானே இருந்தது. நயினாரின் வலது குதிகால் தரையிலிருந்து எழும்பியிருந்தது. மறுநாள் அது இறங்கி இடது குதிகால் எழும்பியிருந்தது. சட்டத்துக் கண்ணாடி மேல், அவன் தலை இருந்த உயரத்தில், பேனாவால் ஒரு கோடு போட்டாள். நாலு நாளில் தலை கோட்டுக்கு ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. அவன் சிறுத்துக்கொண்டிருந்தான். சாலையில் போய்க்கொண்டிருந்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்ற பயம். ஆனால் ஒரு வாரத்தில் ஊரெல்லாம் அதே ஓலம். திருச்செந்தூர்க் கடற்கரையில் எடுத்த படங்களில் கடல் மட்டும் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் ரெண்டு சிவப்பு நாற்காலி இருந்தது, உட்கார்ந்தவர்களைக் காணோம். குற்றாலத்தில் அருவி விழுந்துகொண்டிருந்தது, குளித்த ஏழு பேரும் பாறை தாண்டிப் போய்விட்டார்கள். தப்பித்தவர்கள் யாரென்றால், நீலத்துணிக்கு முன்னாலும் வீட்டுச் சுவருக்கு முன்னாலும் எடுத்துக்கொண்டவர்கள்தான். போக வழியில்லாமல், துணியில் நெற்றியை முட்டிக்கொண்டு அவர்கள் அங்கேயே நின்றார்கள். தூரம் வேண்டும், வெளி வேண்டும் என்று எல்லாருக்கும் உபதேசம் செய்த பிரம்மசக்தியின் வீட்டில்தான் ரெண்டு மைல் நீளத்துக்குச் சாலை திறந்து கிடந்தது. தெருவில் அதைச் சிலர் அவள் காதில் விழும்படியே சொன்னார்கள்.

ஊர் இதற்கும் ஒரு வழி கண்டது. பிளெக்ஸ் போடும் ஜெபஸ்டின் கம்ப்யூட்டரில் படத்துக்குள் சுவர் கட்டிக் கொடுத்தான். செங்கல் சுவர், ஹாலோ பிளாக் சுவர், கேட்டவருக்குக் கேட்டபடி. கட்டிய சுவரைத் தாண்டி யாரும் போகவில்லை. அவன் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது, அழுதுகொண்டு வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பிரம்மசக்தி நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நயினார் விரல் நகம் அளவுக்கு வந்ததும் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஜெபஸ்டின் உடைமரத்துக்கு இந்தப் பக்கம், சாலைக்குக் குறுக்கே, ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் வைத்து அச்செடுத்துக் கொடுத்தான். பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதைச் சட்டத்தில் மாட்டினாள். ரெண்டு நாள் கழித்து நயினார் சுவருக்குப் போய்ச் சேர்ந்தான். போய், நெற்றியைச் செங்கல்லில் வைத்துக்கொண்டு, ரெண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, வாத்தியார் நிற்கவைத்த பிள்ளை மாதிரி நின்றான். வாழ்நாளெல்லாம் சாலையில் ஓடியவன். பிரம்மசக்தி ஒரு பகல் முழுக்க அதைப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை. அவன் போய்விடுவானோ என்ற பயம் ஒரு பக்கம், அவனை இப்படி நிற்கவைத்துவிட்டோமே என்ற வேதனை ஒரு பக்கம், ரெண்டும் சேர்ந்து அவளை இழுத்தன. சாயங்காலம் படத்தைத் திரும்ப ஜெபஸ்டின் கடைக்கே கொண்டுபோனாள்.

"சொவத்த எடுத்துரு தம்பி."

"எக்கா, எடுத்தா போயிருவாவ. அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"எடுத்துரு."

எடுத்து, மறுபடி அச்செடுத்துக் கொடுத்தான். மூன்றாம் நாள் காலையில் உடைமரத்தடி வளைவில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நாலாம் நாள் அதுவும் தெரியவில்லை. செம்மண்ணும், சாலையும், நல்ல வெயிலும் இருந்தன. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் பார்த்தால் அதைவிட நல்ல படம் கிடையாது என்று சொல்லியிருப்பார்கள். தாமிரா வெறும் சாலைக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

படம் வெறும் சாலையாகக் கிடந்த நாற்பத்தொரு நாளைப் பிரம்மசக்தி எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வேலைக்குப் போனாள், சீட்டு எழுதினாள், ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். கேமராவைத் தொடவில்லை. சாயங்காலம் தாமிரா அவள் மடியில் படுத்துக்கொண்டு அப்பாவைச் சொல்லு என்பாள், இவள் வட்ட முகத்திலிருந்து தொடங்குவாள். சொல்லச் சொல்ல அந்த மனிதன் தெளிவாகிக்கொண்டே வந்தான், இவளுக்கே சில நாள் அவன்தான் புருஷனோ என்று தோன்றும், தோன்றியதும் பதறிச் சுவரில் இருக்கும் வெறும் சாலையைப் பார்ப்பாள். நிறுத்த வேண்டும் என்று தினமும் நினைப்பாள். பிள்ளைக்கு இருக்கிற ஒரே அப்பாவையும் எப்படிப் பிடுங்குவது என்று தினமும் விட்டுவிடுவாள்.

தை மாதத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். ஏன் போனார்கள் என்று கேட்காத ஊர், ஏன் வந்தார்கள் என்றும் கேட்கவில்லை. சுவரில் முட்டிக்கொண்டு நின்றவர்கள் ஒரு காலையில் முகம் காட்டித் திரும்பினார்கள், சிலர் நெற்றியில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. கடற்கரைக்காரர்கள் நனைந்த துணியோடு வந்தார்கள். கல்யாண ஜோடிகள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள், இடம் மாறி உட்கார்ந்தவர்களும் உண்டு. ஊர் தெருவுக்கு வந்து அழுதது, சிரித்தது, வெடி போட்டது, திரும்பி வந்தவர்களை உடனே போனில் படம் எடுத்தது.

நயினாரைக் காணோம். மற்றவர்களுக்குப் பத்தடி, நூறடி, இவனுக்கு வர வேண்டிய தூரம் அதிகம் என்று பிரம்மசக்தி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆறாம் நாள் உடைமரத்தடியில் புள்ளி தெரிந்தது. அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அதிலிருந்து ஒன்பது நாள் நடந்து வந்தான். தாமிரா பேனாவை வாங்கி, ஏறி வரும் தலைக்குத் தக்கபடி கண்ணாடி மேல் தினமும் ஒரு கோடு போட்டாள், வந்துட்டாவ, வந்துட்டாவ என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மகள் சந்தோஷப்படச் சந்தோஷப்படப் பிரம்மசக்திக்குப் பயம் கூடியது. முகம் மங்கலாக இருந்தது இன்னும். நெருங்க நெருங்க அது வட்டமாக இல்லை.

பத்தாம் நாள் காலை எழுந்து வந்தபோது அவன் படத்தின் முன்னால் வந்து நின்றிருந்தான். முழங்கால்வரை செம்மண். நீள முகம், ஒட்டிய கன்னம், மெல்லிய மீசை, முன்பல் ஒன்று லேசாக மேலே ஏறியிருந்தது. பார்த்த கணத்தில் அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது, அவன் சாப்பிடுகிற விதம், தும்முகிற விதம், கேமராவைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டியபோது அந்தப் பல் தெரியச் சிரித்த சிரிப்பு. இந்த முகத்தையா மறந்தேன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் களைத்துப்போயிருந்தான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். யாரையோ எதிர்பார்க்கிறவன் மாதிரி அவன் கண் ஸ்டூல் இருக்கும் பக்கம் போயிருந்தது.

தாமிரா யூனிபார்மோடு ஓடி வந்து ஸ்டூலில் ஏறினாள். மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குப் போய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இறங்கி அம்மாவிடம் வந்தாள்.

"எம்மா, இது யாரு?"

"உங்க அப்பாதான், மக்கா."

"இல்ல. அப்பாவுக்கு வட்ட மொகம். கன்னத்துல குழி உண்டு, நீதான சொன்ன. இது அப்பா இல்ல."

படத்தில் அந்தச் சிரிப்பு மறைந்தது. பிரம்மசக்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கண் பிள்ளையிடமிருந்து அவளுக்கு வந்தது, அவளைப் பார்த்தது, தாழ்ந்தது. இடது தோள் மெல்ல அசைந்தது. பிறகு கழுத்து. அவன் திரும்பத் தொடங்கினான்.

"போவாதீய," என்றாள் பிரம்மசக்தி. பிள்ளையை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டாள். "ஏட்டி, நான் சொன்னது பூராப் பொய்யி. எனக்கு மறந்துபோச்சு. உங்க அப்பா மொகம் எனக்கே மறந்துபோச்சு. வெக்கத்துல யார் யார் மொகத்தையோ எடுத்து ஒட்டி உனக்குச் சொன்னேன். இதுதான் அப்பா. இவ்வளவுதான் அப்பா."

தாமிரா அழவில்லை. அம்மாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் தோள் நின்றது.

பாதி திரும்பிய நிலையில் நின்றது. ஒரு காது, ஒரு கன்னம், மீசையில் பாதி, ஒரு கண்ணின் ஓரம், அவ்வளவுதான் இந்தப் பக்கம் தெரிகிறது. மறுநாளும் அப்படியே இருந்தது, மறுவாரமும், மறுவருஷமும். ஊர் பழையபடி இலைக்கும் மோட்டாருக்கும் படம் எடுக்கத் தொடங்கிவிட்டது. நெற்றியில் பொட்டு வைக்கிற வழக்கம் திரும்பிவிட்டது, பிடரியில் வைத்த காலத்தைப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். பிரம்மசக்தி வீட்டில் மட்டும் பொட்டு அந்தப் பாதிக் கன்னத்துக்கு மேலே, நெற்றியின் ஓரத்தில் வைக்கப்படுகிறது.

அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தாமிரா இப்போதும் கேட்பாள். பிரம்மசக்திக்கு நன்றாகத் தெரியும், அன்றைக்குக் காலையில் முழுசாகப் பார்த்தவள்தானே. ஆனால் ஒரு சொல் கூடக்குறையப் போய்விட்டால், பல்லைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றிச் சொல்லிவிட்டால் முழுசாகத் திரும்பிவிடுவானோ என்று பயம், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதனால் தெரிகிறதைப் பாரு என்று மட்டும் சொல்வாள். தாமிரா பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஸ்டூலில் ஏறி நின்று தெரிகிறதைப் பார்க்கிறாள், கன்னத்து எலும்பு, காது மடல், இமை முடி என்று ஒன்று விடாமல் பார்க்கிறாள். அவன் வருகிறானா போகிறானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அதனால் அந்த வீட்டில் ரெண்டு பேரும் மெதுவாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.